சிறார்க்கு அறிவியல் உரைத்த மேதை

மின்சாரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் மைக்கேல் ஃபாரடேயின் பெயரைத் தவிர்த்து எழுத இயலாது. இன்று மின்நிலையங்களில் சுழலும் மின்னாக்கிகளும், தெருவோரங்களில் நிற்கும் மின்மாற்றிகளும் அவர் 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் உண்மையின் அடிப்படையில் இயங்குபவை. உலகம் அவரை ஆய்வாளராகவே பெரிதும் போற்றுகிறது. ஆனால், அவருடைய வாழ்வில் அதற்கு இணையான மற்றொரு தொண்டும் உண்டு. பள்ளி செல்லும் வயதினராகிய சிறுவர் சிறுமியரை முன்னே அமர்த்தி, அறிவியலை அவர்தம் கண்முன் செய்துகாட்டிக் கற்பித்த தொண்டே அது. இலத்தீனும் கிரேக்கமும் கற்றவனே கல்விமான் என்று கருதப்பட்ட நாட்டில், இயற்கையை அறிவதும் கல்வியே என்று அவர் வாதிட்டார். தாம் கற்பித்த முறையாலேயே அவ்வாதத்தை மெய்ப்பித்தும் காட்டினார்.

வறுமையும் கல்வியும்

மைக்கேல் ஃபாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டனின் தென்பகுதியில் உள்ள நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர், உடல்நலம் குன்றியவர். நாள்தோறும் பட்டறைக்குச் செல்ல அவரால் இயலவில்லை. உழைத்தால் மட்டுமே ஊதியம் கிடைக்கும் தொழிலில் உடல் ஒத்துழைக்காதபோது குடும்பம் படும் பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. தானிய விலை உச்சத்தில் இருந்த 1801ஆம் ஆண்டில், பத்து வயதை எட்டாத மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுக்கும் நிலை ஏற்பட்டது. அந்த ஒரு ரொட்டியைக் கொண்டே ஏழு நாளும் பசியாற வேண்டியிருந்தது.

பள்ளியில் அவர் பெற்றது எழுத்து, வாசிப்பு, எண்கணிதம் ஆகிய மூன்றின் தொடக்க அறிவு மட்டுமே. இளமையில் அவருக்கு ரகர ஒலி சரியாக வராது. அதனைத் திருத்த எண்ணிய ஆசிரியை ஒருவர், அவரை அடிப்பதற்குப் பிரம்பு வாங்கிவருமாறு அவருடைய தமையனிடமே காசு கொடுத்து அனுப்பினார் என்றும், தமையன் அக்காசை வீசியெறிந்துவிட்டு அன்னையிடம் ஓடிச்சென்று முறையிட்டான் என்றும், அன்னை மக்கள் இருவரையும் அப்பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. எவ்வாறாயினும், முறையான பள்ளிக் கல்வி அவருக்கு விரைவிலேயே முடிந்துபோனது. கணிதத்தில் உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை.

நூல் கட்டிய கைகள்

1804ஆம் ஆண்டில், பதின்மூன்றாம் வயதில், ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஃபாரடே ஏவலாளாகச் சேர்ந்தார். வாடகைக்கு விடப்படும் செய்தித்தாள்களை வீடுவீடாகக் கொண்டு சேர்ப்பதும், அவர்கள் படித்து முடித்தபின் திரும்பப் பெற்று அடுத்த வீட்டில் கொடுப்பதும் அவர் வேலை. ஓராண்டுக்குப் பின்னர், புத்தகம் கட்டும் தொழிலைக் கற்கும் மாணாக்கராக ஏழாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டார். அவருடைய நேர்மையான உழைப்பைக் கண்ட ரீபோ, அதற்குரிய கட்டணத்தை வாங்கவில்லை.

கட்டுவதற்காக வந்த புத்தகங்களை அவர் கட்டியதோடு நில்லாமல் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றி இருந்த கட்டுரை அவர் கருத்தைக் கவர்ந்தது. அதனினும் ஆழமாக அவர் உள்ளத்தில் பதிந்தது ஜேன் மார்செட் என்னும் பெண்மணி எழுதிய ‘வேதியியல் உரையாடல்கள்’ என்னும் நூல். ஓர் ஆசிரியையும் இரு மாணவியரும் உரையாடும் முறையில் அமைந்த அந்நூல் 1806ஆம் ஆண்டு ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அறிஞர்க்காக எழுதப்பட்டதன்று அது. வேதியியலைப் புதிதாகக் கற்கத் தொடங்குவோர்க்காக, எளிய சோதனைகளின் வழியே பொருளை விளக்கும் வகையில் எழுதப்பட்டது.

ஃபாரடே அந்நூலை நம்பிப் படித்தார் என்பதைவிடச் சோதித்துப் படித்தார் என்பதே பொருந்தும். தம் கையில் கிடைத்த சில்லறைக் காசுக்கு வாங்கக்கூடிய பொருள்களைக் கொண்டு, நூலில் சொல்லப்பட்டவற்றைச் செய்துபார்த்தார். சொன்னது சொன்னபடியே நிகழக் கண்டபோது வேதியியல் அவருக்கு உறுதியான பற்றுக்கோடு ஆயிற்று. துத்தநாகத் தகடுகளையும் செப்புக் காசுகளையும் அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த தாள்களை வைத்துத் தாமே ஒரு மின்கல அடுக்கைச் செய்தார். பிற்காலத்தில் புகழின் உச்சியில் இருந்தபோதும் மார்செட் அம்மையாரைத் தம் முதல் ஆசிரியராகவே அவர் மதித்து, தம் ஆய்வுக் கட்டுரைகளை அவருக்கு அனுப்பி வந்தார். தொடக்க நிலையினர்க்கென எழுதப்பட்ட ஓர் எளிய நூலே ஓர் ஏழைச் சிறுவனை அறிவியலின் வாயிலுக்கு அழைத்து வந்தது. அவர் பின்னாளில் சிறார்க்கு உரையாற்றுவதில் ஏன் அத்துணை ஆர்வம் கொண்டார் என்பதை அறிய இந்நிகழ்வு துணைபுரிகிறது.

திறந்த கதவு

அக்காலத்தில் ஜான் டேட்டம் என்பவர் இலண்டனில் அறிவியல் சொற்பொழிவுகள் நிகழ்த்தி வந்தார். ஓர் உரையைக் கேட்க ஒரு ஷில்லிங் கட்டணம். தந்தையின் தொழிலையே மேற்கொண்டிருந்த தமையன் ராபர்ட் அக்கட்டணத்தைக் கொடுத்து உதவினார். 1812ஆம் ஆண்டில் அதனினும் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது. ரீபோவின் கடைக்கு வந்து செல்லும் வாடிக்கையாளரான வில்லியம் டான்ஸ், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தில் ஹம்ஃப்ரி டேவி நிகழ்த்தவிருந்த உரைகளுக்கு நுழைவுச்சீட்டுகளை அவருக்கு வழங்கினார். டேவி அந்நாளில் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட வேதியியலறிஞர். கேட்டோரைத் தம் பேச்சால் ஈர்த்தவர்.

டேவியின் நான்கு உரைகளைக் கேட்ட ஃபாரடே, கேட்டவற்றைக் குறிப்பெடுத்து விரித்தெழுதினார். கருவிகளின் படங்களையும் தம் கையாலேயே வரைந்து சேர்த்தார். தாம் கற்ற தொழிலைக் கொண்டு அவற்றை அழகிய நூலாகக் கட்டினார். அவ்வாண்டின் இறுதியில் அந்நூலை டேவிக்கு அனுப்பி, அறிவியல் பணி ஏதேனும் தருமாறு வேண்டினார். இடம் காலியாகாத நிலையில் டேவியால் உடனே உதவ இயலவில்லை. சில மாதங்களில் அங்கிருந்த உதவியாளர் ஒருவர் சண்டையில் ஈடுபட்டமைக்காக நீக்கப்பட, 1813ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் ஃபாரடே அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். வார ஊதியத்தோடு, அந்நிறுவனத்தின் மேல்மாடியில் தங்குவதற்கு இடமும் கிடைத்தது. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவித் துடைக்கும் நிலையிலிருந்து தொடங்கிய அவர், 1825ஆம் ஆண்டில் அதே ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக உயர்ந்தார்.

இடைப்பட்ட காலத்தில் அவர் ஆற்றிய பணிகள் பல. மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச்செய்து 1821ஆம் ஆண்டில் மின்னியக்கிக்கு வித்திட்டார். அவ்வாண்டிலேயே சாரா பர்னார்டு என்னும் நங்கையை மணந்தார். 1824ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1825ஆம் ஆண்டில் பென்சீன் என்னும் சேர்மத்தைக் கண்டறிந்தார். 1831ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், இரும்பு வளையம் ஒன்றில் தனித்தனியே சுற்றப்பட்ட இரு கம்பிச் சுருள்களைக் கொண்டு மின்காந்தத் தூண்டலை நிறுவினார். மின்னாற்பகுப்பின் விதிகளை வகுத்ததும், அயனி, மின்வாய் முதலிய பொருள்களுக்கு உரிய கலைச்சொற்களை அறிஞர் துணையோடு புழக்கத்திற்குக் கொண்டுவந்ததும் அவரே.

கற்பித்தலைக் கற்றவர்

நல்ல ஆய்வாளர் அனைவரும் நல்ல ஆசிரியராதல் இல்லை. ஃபாரடேயும் பிறவிப் பேச்சாளர் அல்லர். கற்பித்தலையும் ஒரு கலையாகக் கருதி, முயன்று பயின்றே அவர் அதில் தேர்ந்தார். உதவியாளராகச் சேர்ந்த 1813ஆம் ஆண்டிலேயே, பிறர் நிகழ்த்தும் உரைகளின் நிறைகுறைகளை உற்றுநோக்கி, தம் நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு விரிவான கடிதங்கள் எழுதினார். அரங்கின் அமைப்பு, காற்றோட்டம், கருவிகளை வைக்கும் முறை, உரையாளர் நிற்கும் நிலை, உரையின் கால அளவு என ஒவ்வொன்றையும் அவர் ஆராய்ந்தார். கேட்போர் சோர்வடையாதிருக்க ஓர் உரை ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்பது அவர் கண்ட முடிவு. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டைத் தாண்டவில்லை.

பேச்சுப் பயிற்சி அளிப்பதில் வல்லவரான பெஞ்சமின் ஸ்மார்ட் என்பவரிடம் கட்டணம் செலுத்திப் பாடம் கேட்டார். ஆர்வ மிகுதியில் விரைந்து பேசும் தம் இயல்பை அடக்குவதற்காக, மெதுவாகப் பேசுமாறு நினைவூட்டும் அட்டை ஒன்றை எழுதி, உரையின்போது கண்ணில் படுமாறு வைக்கச் செய்தார். உலகம் போற்றும் அறிஞரானபின்னும் அவ்வட்டையை அவர் கைவிடவில்லை. அவருக்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் துணைநின்ற சார்லஸ் ஆண்டர்சன் என்னும் உதவியாளரும் ஒவ்வொரு சோதனையிலும் உடனிருந்து கருவிகளை ஆயத்தம் செய்தார்.

ஃபாரடேயின் கற்பித்தல் நெறியில் முதன்மையானது, காதுக்குச் சொல்வதைக் கண்ணுக்கும் காட்ட வேண்டும் என்பதாகும். கையிலுள்ள கல்லை விட்டால் அது தரையில் விழும் என்பதைக் குழந்தையும் அறியும். ஆயினும், அதனைச் சொல்ல நேர்ந்தால் சொல்லோடு நிறுத்தாமல், கையை விரித்துக் கல்லை விழச்செய்தே காட்ட வேண்டும் என்று இளம் உரையாளர் ஒருவருக்கு அவர் அறிவுறுத்தினார். கேட்போர் இதனை முன்பே அறிந்திருப்பர் என்று எதனையும் விட்டுவிடுதல் கூடாது என்பதே அதன் கருத்து. ஒருமுறை காந்தத்தின் வலிமையை விளக்குங்கால், நிலக்கரி நிரம்பிய வாளியையும் அடுப்புக் கிளறும் கம்பியையும் இடுக்கியையும் பெரிய மின்காந்தம் ஒன்றன்மேல் அவர் வீசியெறிந்தார். அவை ஓசையுடன் சென்று ஒட்டிக்கொண்டு நின்றன. அக்காட்சியைக் கண்டவர்க்குக் காந்தவிசை என்பது வெறும் சொல்லாக இருந்திருக்க இயலாது.

கிறிஸ்துமஸ் விடுமுறை உரைகள்

பள்ளிகளில் அறிவியல் பாடம் அரிதாக இருந்த அக்காலத்தில், விடுமுறை நாள்களில் இளையோர்க்கு அறிவியலைக் கற்பிக்கும் நோக்கில் ராயல் இன்ஸ்டிடியூஷன் 1825ஆம் ஆண்டில் கிறிஸ்துமஸ் உரைகளைத் தொடங்கியது. ஃபாரடே 1827ஆம் ஆண்டு இறுதியில் முதன்முறையாக அவ்வுரைகளை நிகழ்த்தினார். அது தொடங்கி 1861ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, மொத்தம் 19 உரைத்தொடர்களை அவரே நிகழ்த்தினார். வேதியியல், மின்சாரம், உலோகங்களின் இயல்பு, பொருளில் அடங்கிய விசைகள் எனப் பல பொருள்களை அவை தழுவி நின்றன. 1855ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய தொடருக்கு விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட், தம் மைந்தர் இருவரையும் அழைத்து வந்து அமர்ந்து கேட்டார்.

ஃபாரடேக்கு மக்கட்பேறு இல்லை. ஆனால் சிறாரின் உள்ளத்தை அவர் நன்கு அறிந்திருந்தார். அவர்கள்முன் நிற்கும்போது தம் வயதையும் பெருமையையும் மறந்து தாமும் ஓர் இளைஞராகிவிடுவார். அரங்கில் பெரியோர் பலர் வந்து அமர்ந்திருப்பினும், இவ்வுரை இளையோர்க்கே உரியது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுவார். எளிமையாகச் சொல்வதனால் பொருளின் தரம் குறைந்துவிடும் என்று அவர் கருதவில்லை. ஒன்றை எளிமையாக விளக்குவதற்கு அதனை முழுமையாக அறிந்திருத்தல் வேண்டும் என்பதை அவர் உரைகள் உணர்த்தின.

ஒரு மெழுகுவர்த்தியின் வரலாறு

அவருடைய உரைகளுள் புகழ்பெற்றது மெழுகுவர்த்தியைப் பற்றியது. 1848ஆம் ஆண்டு இறுதியில் ஒருமுறை எடுத்துக்கொண்ட இப்பொருளையே, 1860ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய தம் இறுதித் தொடருக்கும் அவர் தேர்ந்தெடுத்தார். ஆறு உரைகள் கொண்ட அத்தொடரை நிகழ்த்தும்போது அவருக்கு வயது 69. அந்நாளில் மெழுகுவர்த்தி இல்லாத வீடு இல்லை. ஒவ்வோர் இரவும் கண்டு பழகிய அப்பொருளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று எண்ணி வந்த சிறார், அதனுள் இயற்கையின் விதிகள் பலவும் அடங்கியிருப்பதைக் கண்டு வியந்தனர்.

எரியும் மெழுகுவர்த்தியின் உச்சியில் உருகிய மெழுகு ஒரு சிறு கிண்ணத்தில் தேங்கியிருப்பதுபோல் நிற்கிறது. அக்கிண்ணத்தை உருவாக்கியது யார் என்பது அவர் எழுப்பிய வினா. சுடரின் வெப்பத்தால் காற்று மேலெழுகிறது, அவ்வாறு எழும் காற்று மெழுகின் வெளிவிளிம்பைக் குளிர்விக்கிறது, நடுப்பகுதி உருக, விளிம்பு உருகாமல் நிற்கிறது, கிண்ணம் உருவாகிறது. அழகுக்காக வரிவரியாகப் பள்ளங்கள் இட்டுச் செய்யப்பட்ட மெழுகுவர்த்திகளில் விளிம்பு சீராக அமையாமையால், மெழுகு வழிந்தோடுவதை அவர் சுட்டிக்காட்டினார். பார்வைக்கு அழகியது பயனிலும் சிறந்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை என்பது ஒரு பாடம். தவறாக எரியும் வர்த்தியும் காரணத்தை ஆராயத் தூண்டி நமக்கு அறிவூட்டுகிறது என்பது மற்றொரு பாடம்.

தேங்கிய மெழுகு திரியின் வழியே சுடரை எவ்வாறு சென்றடைகிறது என்பது அடுத்த வினா. தட்டில் நிறுத்திய உப்புத் தூண் ஒன்றின் அடியில் நீலநிற நீரை அவர் ஊற்றினார். நீலம் மெல்ல மெல்லத் தூணில் ஏறுவதைச் சிறார் கண்டனர். நுண்ணிய இடைவெளிகளின் வழியே நீர்மம் மேலேறும் இயல்பே திரியிலும் நிகழ்கிறது என்பது விளங்கிற்று. பின்னர், சுடரை மெதுவாக அணைத்து, மேலெழும் புகைக்கு அருகே எரியும் குச்சியைக் காட்டினார். குச்சி திரியைத் தொடவில்லை. ஆயினும் நெருப்பு ஆவியின் வழியே தாவிச்சென்று திரியை மீண்டும் பற்றிக்கொண்டது. எரிவது திண்மமான மெழுகு அன்று, அதன் ஆவியே என்பதை மெய்ப்பிக்க இதனினும் சிறந்த சான்று வேண்டுமா? சுடரின் நடுவே உள்ள இருண்ட பகுதியில் கண்ணாடிக் குழாயைச் செருகி, அவ்வாவியை வெளியே கொணர்ந்து, குழாயின் மறுமுனையில் தனியே எரியவும் செய்தார்.

அடுத்தடுத்த உரைகளில் மெழுகுவர்த்தி எரிவதால் உண்டாகும் பொருள்களை ஆராய்ந்தார். பனிக்கட்டியும் உப்பும் இட்டுக் குளிர்வித்த கலத்தைச் சுடருக்குமேல் பிடித்தபோது, அதன் அடியில் நீர்த்துளிகள் படிந்தன. நெருப்பிலிருந்து நீர் பிறக்கும் விந்தையைக் கண்ட சிறார்க்கு, அந்நீரின் உறுப்பாகிய ஹைட்ரஜனையும், காற்றில் கலந்துள்ள ஆக்சிஜனையும் ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தார். சுடர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் வெண்மையாக்கியது. அதே சுண்ணாம்பு நீரில் மனிதர் விடும் மூச்சுக்காற்றைச் செலுத்தியபோதும் அது வெண்மையாயிற்று. மெழுகுவர்த்தியில் நிகழ்வதைப் போன்றதொரு மாற்றமே நம் உடலிலும் இடையறாது நிகழ்கிறது என்பதை அவ்வொப்புமை உணர்த்திற்று. ஒரு மனிதன் ஒரு நாளில் 7 அவுன்ஸ் அளவு கார்பனை இவ்வாறு மாற்றி வெளியிடுகிறான் என்று அவர் கணக்கிட்டுக் கூறினார். உயிர்கள் வெளியிடும் அவ்வாயுவே செடிகொடிகளுக்கு உணவாகிறது என்பதையும் விளக்கினார். வீட்டின் மூலையில் எரிந்த சிறு சுடரிலிருந்து தொடங்கிய பாடம், உயிர்க்குலம் ஒன்றையொன்று சார்ந்து வாழும் பேருண்மையில் சென்று நிறைந்தது. இறுதியில், மெழுகுவர்த்தியைப் போலத் தம்மைச் சூழ்ந்துள்ளோர்க்கு ஒளிதரும் வாழ்வை அவர்களும் வாழவேண்டும் என வாழ்த்தி விடைபெற்றார்.

அறியாமையை எதிர்த்து

சிறார்க்கு அறிவியல் கற்பிப்பதை ஃபாரடே விடுமுறைக்காலப் பொழுதுபோக்காகக் கருதவில்லை. அதன் தேவையை அவர் உணர்வதற்கு ஒரு நிகழ்ச்சியும் காரணமாயிற்று. 1853ஆம் ஆண்டளவில் இலண்டனில், மேசையைச் சுற்றி அமர்ந்து அதன்மேல் கைகளை வைத்தால் ஆவிகளின் ஆற்றலால் மேசை தானாக நகரும் என்னும் நம்பிக்கை பரவியிருந்தது. உயர்கல்வி பெற்றோரும் அதனை நம்பினர். மின்சாரமே மேசையை நகர்த்துகிறது என்று கூறியவர்களும் இருந்தனர். ஃபாரடே அதனை ஏளனம் செய்து ஒதுக்காமல் சோதித்தறிய முற்பட்டார். மேசைக்கும் கைகளுக்கும் இடையே, மென்மையான பசையால் ஒட்டப்பட்ட அட்டைகளை அடுக்கி வைத்தார். மேசை முதலில் நகர்ந்திருந்தால் கீழ் அட்டை முன்செல்ல வேண்டும். ஆனால், கைகள் பட்ட மேல் அட்டைகளே முன்சென்றிருந்தன. அமர்ந்திருந்தோர் தாம் அறியாமலேயே மேசையைத் தள்ளினர் என்பது தெளிவாயிற்று. கைகளின் அசைவைக் காட்டும் முள் ஒன்றைப் பொருத்தி, அதனை அவர்கள் பார்க்குமாறு வைத்தபோது மேசை நகர்வதே நின்றுபோயிற்று.

இம்முடிவை அவர் நாளிதழில் வெளியிட்டும் பலர் ஏற்கவில்லை. அவரை வருத்தியது மேசை நகரும் என்னும் நம்பிக்கை அன்று. சான்றை எடைபோட்டுப் பார்க்கும் பயிற்சி கற்றோர்க்கும் இல்லாமற்போனமையே. 1854ஆம் ஆண்டில் அறிவுப்பயிற்சி குறித்து ஆற்றிய உரையில், தம் விருப்பத்திற்கு இசைந்ததை எளிதில் நம்பிவிடும் மனப்பான்மையைத் தாமே கண்டு திருத்திக்கொள்வதே கல்வியின் உயிர் என்னும் கருத்தை அவர் வலியுறுத்தினார்.

1861ஆம் ஆண்டில் ஆங்கில அரசு, ஈட்டன் முதலிய ஒன்பது புகழ்பெற்ற பள்ளிகளின் நிலையை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. 1862ஆம் ஆண்டு நவம்பரில் ஃபாரடே அவ்வாணையத்தின்முன் சான்றளித்தார். முதுமையும் நினைவுக்குறைவும் அவரை வாட்டிய காலம் அது. எனினும், தம் கருத்தை ஐயத்திற்கு இடமின்றி எடுத்துரைத்தார். முந்தைய ஐம்பது ஆண்டுகளில் உலகிற்குக் கிடைத்த அறிவியல் செல்வம் பள்ளிகளைச் சென்று சேராதது வியப்புக்குரியது என்றார். எளிமையாக விளக்கிச் சோதனையும் செய்துகாட்டினால், அதனைப் புரிந்துகொள்ள இயலாத சிறுவன் ஒருவனையும் தாம் கண்டதில்லை என்றார். மொழிக் கல்வியை அவர் பழிக்கவில்லை. அதனோடு இயற்கையறிவும் இடம்பெற வேண்டும் என்றே வேண்டினார். 1864ஆம் ஆண்டில் வெளிவந்த ஆணையத்தின் அறிக்கை, மாணவர்க்கு இயற்கை அறிவியலும் கற்பிக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

எல்லையும் ஏற்றமும்

ஃபாரடேயின் உரைகள் அனைவர்க்கும் எட்டின என்று கூறுதல் இயலாது. ராயல் இன்ஸ்டிடியூஷனின் அரங்கில் பெரும்பாலும் வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளே அமர்ந்திருந்தனர். கொல்லர் ஒருவரின் மகன் அவ்வரங்கில் நுழைய வேண்டுமாயின், 1812ஆம் ஆண்டில் ஃபாரடேக்குக் கிடைத்ததுபோல் எவரேனும் மனமுவந்து ஒரு சீட்டை வழங்கினால்தான் உண்டு. இவ்வெல்லையைக் கடக்க உதவியது அச்சுக்கலை. மெழுகுவர்த்தி பற்றிய உரைகள் சுருக்கெழுத்தில் பதிவு செய்யப்பட்டு, வில்லியம் குரூக்ஸின் பதிப்பில் ‘ஒரு மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு’ என்னும் நூலாக 1861ஆம் ஆண்டில் வெளிவந்தன. பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட அந்நூல் இன்றளவும் அச்சில் உள்ளது. மார்செட் அம்மையாரின் நூல் புத்தகம் கட்டும் சிறுவனைத் தேடிச் சென்றதுபோல, அச்சிறுவன் வளர்ந்து ஆற்றிய உரைகளும் நுழைவுச்சீட்டு வாங்க இயலாதவர்களைத் தேடிச் சென்றன.

உயர்பதவிகளை ஃபாரடே நாடவில்லை. ராயல் சொசைட்டியின் தலைமைப் பொறுப்பு தேடி வந்தபோதும் அதனை ஏற்க மறுத்தார். பட்டமின்றி, வெறும் மைக்கேல் ஃபாரடேயாகவே வாழ்ந்து மறைய விரும்பினார். நினைவாற்றல் குன்றத் தொடங்கியதை உணர்ந்த அவர், 1861ஆம் ஆண்டில் கிறிஸ்துமஸ் உரைப்பொறுப்பிலிருந்து தாமாகவே விலகினார். அரசி வழங்கிய ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில் 1867ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். இலண்டனின் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில், ஆரவாரமின்றி அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

கணிதம் அறியாத ஃபாரடே மனக்கண்ணால் கண்ட விசைக்கோடுகளுக்கு, ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கணித வடிவம் தந்தார். அதன்வழியே ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்னும் உண்மை புலனாயிற்று. அவர் வளர்த்த கிறிஸ்துமஸ் உரைகளோ, இரண்டாம் உலகப்போரின்போது சில ஆண்டுகள் தடைபட்டமை நீங்கலாக, இன்றுவரை தொடர்ந்து நடைபெற்று வருகின்றன. விலையுயர்ந்த கருவிகள் இருந்தால்தான் அறிவியலைக் கற்பிக்க முடியும் என்பதில்லை. கையில் உள்ள எளிய பொருளை உற்றுநோக்கவும், அது ஏன் இவ்வாறு நிகழ்கிறது என்று வினவவும், விடையைச் செய்து பார்த்துத் தெளியவும் ஒருவர் கற்றுக்கொடுத்தால் போதும். ஒரு மெழுகுவர்த்தியையும் சிறிது சுண்ணாம்பு நீரையும் வைத்து அவர் நடத்திய பாடத்தை, எந்த ஊரின் எந்த வகுப்பறையிலும் இன்றும் நடத்தலாம்.